பின்னாடி மட்டும் அகல டயர்: மூன்று வாதங்களும் ஒரு மழைக்காலமும்

"பின்சக்கரத்துக்கு அகலமான டயர் போட்டா கார் ரோட்டை நல்லா பிடிக்கும்." கார் பற்றிய காணொலிகளிலும் அலாய் வீல் கடைகளிலும் இந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இதை மறுக்க வருகிறவர்களிடம் இன்னொரு வாக்கியம் தயாராக இருக்கும்: "உராய்வு விசைக்கும் தொடும் பரப்பளவுக்கும் சம்பந்தமே இல்லை, பள்ளிக்கூட இயற்பியல்தானே." மூன்றாவதாக ஒரு கோஷ்டி உண்டு. அவர்கள் வாதம் எல்லாம் செய்ய மாட்டார்கள். "ரேஸ் காரைப் பாருங்க" என்பதோடு சரி.

இந்த மூன்றையும் கொஞ்சம் உட்கார்ந்து விமர்சிக்கலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. நான் படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். டயர் பற்றி வாசிப்பது பொழுதுபோக்கு. ஆனால் இந்த முறை வெறும் பொழுதுபோக்காக எழுதவில்லை. அக்கா மகன் ஒரு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். இரண்டு இருக்கை, பின்சக்கர இழுவை. நான்கு சக்கரத்திலும் 225/45 ஆர்17 டயர். பின்னாடி மட்டும் 255/40 ஆர்17 போடப் போகிறானாம், அதுவும் மழைக்காலத்துக்கு முன்னாடியே.

"மாமா, பெருசு போட்டா கிரிப் ஏறும், அவ்ளோதானே? இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

யோசிக்க நிறைய இருக்கிறது.

முதலில் நம்ம ஊர்

வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு டயர் பற்றி எழுதுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. டி.எச். ரோட்டில் வடக்கே போனால் திருவொற்றியூர். 1946ல் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை அங்கே ஒரு சின்னக் கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952ல் டிரெட் ரப்பர், அதாவது தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போடும் ரப்பர். 1961ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டயர். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி என்ற பெயர்தான் எம்.ஆர்.எஃப். ஆனது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம், அமெரிக்கத் தொழில்நுட்பம் நம் சாலைக்கும் நாம் ஏற்றும் பாரத்துக்கும் அப்படியே பொருந்தவில்லை என்பதுதான். அங்கே நல்ல டயர், இங்கே வந்தால் வேறு கதை. டயருக்கு நல்லது கெட்டது என்று தனியாக ஒன்றும் கிடையாது. எந்த வண்டி, எவ்வளவு பாரம், எந்த ரோடு என்று கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும். கீழே வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இரண்டாவது வாதம்: பள்ளிக்கூட இயற்பியல்

மறுப்பவர்களில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஏனென்றால் இவர்கள்தான் அதிகத் தன்னம்பிக்கையோடு பேசுகிறார்கள்.

உராய்வு பரப்பளவைச் சார்ந்ததல்ல என்பது 1699ல் அமாந்தோன் சொன்ன விதி. பிறகு கூலோம் அதைச் செம்மைப்படுத்தினார். மரக்கட்டை, இரும்பு, கல் போன்ற கடினமான பொருட்களுக்கு ஓரளவு சரியாக வரும். ரப்பர் கடினமான பொருள் இல்லை. தார் ரோட்டின் சொரசொரப்புக்குள் ரப்பர் நுழைந்து, நசுங்கி, மீண்டு வருகிறது. அப்படி நசுங்கி மீளும்போது இழக்கிற ஆற்றலும், மூலக்கூறு அளவில் ரோட்டோடு ஒட்டுவதும் சேர்ந்ததுதான் ரப்பரின் பிடிப்பு. ரப்பரின் உராய்வு வேகத்தையும் வெப்பநிலையையும் எப்படிச் சார்ந்திருக்கிறது என்று குரோஷ் 1963ல் சோதனை செய்து எழுதினார். திருவொற்றியூரில் டயர் வர ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு முக்கியமான சங்கதி: டயர் மீது பாரம் இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். அமாந்தோன் விதி இங்கேயே உடைந்துவிடுகிறது. ஆகவே "பரப்பளவுக்குச் சம்பந்தமே இல்லை" என்று சொல்லி விவாதத்தை முடிக்கப் பார்ப்பது, தவறான பொருளுக்குச் சரியான விதியைப் போடுவது.

முதல் வாதம்: பெருசு போட்டால் பிடிப்பு

அப்போ கடைக்காரர் சொல்வது சரியா? இங்கே ஒரு சின்னக் கணக்கு.

அக்கா மகனுடைய கார், ஆளோடு சேர்த்து 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் சரிபாதி. ஒரு பின்சக்கரத்தின் மேல் 350 கிலோ. காற்று 34 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 2.4 கிலோ. இந்தப் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். எனவே ரோட்டைத் தொடும் பரப்பு 350ஐ 2.4ஆல் வகுத்தால் வருவது: சுமார் 146 சதுர செ.மீ. பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் இது தோராயம்தான், ஆனாலும் படம் புரியும்.

இப்போது கவனியுங்கள். இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவில்லை. 225 டயரில் ரோட்டைத் தொடும் அகலம் 19 செ.மீ. என்றால் தொடும் நீளம் 7.7 செ.மீ. 255 டயரில் அகலம் 22 செ.மீ. என்றால் நீளம் 6.6 செ.மீ. பரப்பு கிட்டத்தட்ட அதேதான், வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. "பெரிய டயர், அதிக ரப்பர் ரோட்டுல" என்ற வாக்கியம், காற்றழுத்தத்தை மாற்றாதவரை, உண்மை இல்லை.

அப்படியென்றால் அகல டயரால் லாபமே இல்லையா? இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி.

ஒன்று, அகல டயருக்குள் காற்றின் கொள்ளளவு அதிகம், பாரம் தாங்கும் திறனும் அதிகம். அதனால் அதே பாரத்துக்குக் குறைந்த அழுத்தத்தில் ஓட்ட முடியும். அப்போதுதான் தொடும் பரப்பு நிஜமாகவே கூடும்.

இரண்டு, வெப்பம். உரசலில் பிறக்கும் சூடு அதிக ரப்பருக்குப் பங்கிடப்படுகிறது. தொடும் நீளம் குறைவு என்பதால் ஒவ்வொரு துண்டு ரப்பரும் ஒரு சுற்றில் ரோட்டோடு இருக்கும் நேரமும் குறைவு. சூடு தாங்கும் என்ற தைரியத்தில் தயாரிப்பாளர் இன்னும் மென்மையான ரப்பரைப் போடலாம். ரேஸ் டிராக்கில் இது பெரிய விஷயம். காலை ஒன்பது மணிக்கு டி.எச். ரோட்டில் 20 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே சாதனை, அங்கே டயர் சூடாவது பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

மூன்று, அகலமான பெல்ட்டும் குட்டையான பக்கச்சுவரும் சேர்ந்தால் டயர் விறைப்பாகும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் உடனே கேட்கும்.

மூன்றாவது லாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. ரிம்மும் அகலமாக இருக்கவேண்டும். இவன் காரில் இருப்பது 8 அங்குல ரிம். 255/40 டயருக்குக் குறைந்தது எட்டரை அங்குலமாவது தேவை. சின்ன ரிம்மில் பெரிய டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி உப்பும். டயர் வாங்கியது அகலத்துக்கு, கிடைப்பது தளதளப்பு.

அவனைப் பாராட்ட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. 255/45 வாங்காமல் 255/40 தேர்ந்தெடுத்தான். டயர் அளவில் இரண்டாவது எண், அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் என்பது. 225/45 ஆர்17 டயரின் முழு விட்டம் சுமார் 634 மி.மீ. 255/40 போட்டால் 636. வித்தியாசமே இல்லை. 255/45 போட்டிருந்தால் 661 மி.மீ. ஆகி, முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். ஏ.பி.எஸ்.ஸும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்குத் தப்பான தகவல் போகும்.

மூன்றாவது வாதம்: ரேஸ் காரைப் பாருங்க

பார்ப்போம். வடசென்னைக்காரர்களுக்கு இதற்குத் தூரம் போகவேண்டியதே இல்லை. செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் கார் ரேஸ் நடந்தது. 1980களில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரை அங்கே ஓட்டியிருக்கிறார். அதன்பின் 1990ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. முன்னாடி சின்னது, பின்னாடி பூதாகாரமான டயர் என்ற உருவம் நம் ஊர்ப் பையன்கள் மனதில் பதிந்ததில் சோழவரத்துக்கும் பங்கு இருக்கும்.

ஆனால் ரேஸ் கார் ஏன் அப்படி இருக்கிறது? எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். எடையில் பெரும்பங்கு பின்னால். நூற்றுக்கணக்கான குதிரைத்திறனும் பின்சக்கரம் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். பாரம் எங்கேயோ, வேலை எங்கேயோ, அங்கே டயர் பெருக்கிறது. எண்ணூர் பக்கம் போகும் கன்டெய்னர் டிரெய்லரைப் பாருங்கள். முன்னாடி ஒற்றை டயர், பின்னாடி ஜோடி ஜோடியாக. அதே தர்க்கம்தான், யாரும் அதை ஸ்போர்ட்ஸ் லுக் என்று சொல்வதில்லை.

ஃபார்முலா ஒன்னிலேயே இந்த வாதத்துக்கு எதிரான சாட்சி இருக்கிறது. 1998லிருந்து 2008 வரை பள்ளம் வெட்டிய டயர்கள். 2009ல் வழுவழுப்பான ஸ்லிக் டயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பள்ளங்கள் போனதில் முன்டயருக்கு, பின்டயரைவிட விகிதத்தில் அதிக லாபம். சமநிலை கெட்டது. 2010ல் என்ன செய்தார்கள்? முன்டயரை 270 மி.மீ.யிலிருந்து 245க்குக் குறைத்தார்கள். உலகின் அதிவேகக் கார்களுக்குத் தீர்வு ஒரு டயரைச் சின்னதாக்குவதாக இருந்தது. அவர்கள் தேடியது முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான விகிதத்தை.

போர்ஷே 911ம் அப்படித்தான். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற கார். ஆரம்பக் கார்களில் வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்று முன்னே வரப் பார்க்கும். முன் பம்பருக்குள் இரும்பு எடை வைத்துப் பார்த்தார்கள், பிறகு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டினார்கள். 1973 மாடல் கரேரா ஆர்.எஸ். 2.7ல்தான் முன்னாடி 185, பின்னாடி 215 என்று டயரைப் பிரித்தார்கள். இன்றைய 911 கரேரா எஸ்ஸில் 245ம் 305ம். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பின்னால் ஒரு பாரக் கணக்கு.

மறுபக்கம், எஞ்சின் முன்னால், இழுவை பின்னால், எடை கிட்டத்தட்ட சமம் என்ற அமைப்பில் உள்ள மாஸ்டா எம்.எக்ஸ்-5, டொயோட்டா 86 இரண்டுமே நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு டயரோடு வந்தவை. 2012ல் டொயோட்டா 86 வந்தபோது அதன் 215 டயரைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். பிரியஸ் காரிலும் கிடைத்த அதே மிஷலின் பிரைமசி வகை. ஆனால் அது வேண்டுமென்றே எடுத்த முடிவு. சாதாரண வேகத்திலேயே கார் என்ன செய்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியவேண்டும், பிடிப்பு போவதும் மெதுவாக, முன்னறிவிப்போடு போகவேண்டும் என்பது நோக்கம்.

அக்கா மகனின் கார் இந்த இரண்டாவது ரகம். இதில் பின்னாடி மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? பின்பக்கப் பிடிப்பு கூடும், முன்பக்கம் அப்படியே இருக்கும். வளைவில் வேகம் ஏறும்போது முதலில் விட்டுக்கொடுப்பது முன்சக்கரம். ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆங்கிலத்தில் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். சாதாரண ஓட்டுநருக்கு இது ஓரளவு பாதுகாப்புதான், தயாரிப்பாளர்களும் இந்தப் பக்கமே சாய்வார்கள். ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை ஏன் வாங்கினாய், ஸ்டியரிங் சொன்னதைக் கேட்கத்தானே? அதைப் பணம் கொடுத்து மழுங்கடிப்பதற்கு 'அப்கிரேட்' என்று பெயர்.

ராலி உலகம் இன்னும் தெளிவு. எம்.ஆர்.எஃப். டயரோடு கௌரவ் கில் 2013ல் ஆசிய பசிபிக் ராலி சாம்பியன் ஆனார், 2022ல் எஃப்ரேன் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன். நான்கு சக்கர இழுவை கொண்ட அந்தக் கார்களில் முன்னும் பின்னும் ஒரே அளவு. ஸ்வீடன் பனியில் ராலி நடக்கும்போது ஒல்லியான, ஆணி பதித்த டயர் போடுகிறார்கள். மேலே கிடக்கும் பனியைக் கிழித்துக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டியான தரையைப் பிடிக்க ஒல்லி டயர்தான் வேண்டும். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டிலும் நெடுங்காலம் முன்னும் பின்னும் 3.25-19 என்ற ஒரே அளவுதான் இருந்தது.

மழை

இதுவரை சொன்னதெல்லாம் பணமும் ரசனையும் சம்பந்தப்பட்டது. இனி உயிர் சம்பந்தப்பட்டது.

ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது, ஒரு வேகத்துக்கு மேல் டயரால் தண்ணீரைத் தள்ள முடியாது. டயர் தண்ணீர்மேல் மிதக்கும். ஸ்டியரிங், பிரேக் இரண்டுமே வெறும் அலங்காரம். நாசாவில் வால்டர் ஹார்னும் டிரெஹரும் 1963ல் இதை ஆராய்ந்து ஒரு எளிய சூத்திரம் தந்தார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், மிதக்க ஆரம்பிக்கும் வேகம் மைலில் வரும். 34 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கி.மீ. 26 பி.எஸ்.ஐ.க்குச் சுமார் 85 கி.மீ.

அகல டயரின் நிஜமான லாபம் காற்றைக் குறைத்து ஓட்டும்போதுதான் வரும் என்று மேலே பார்த்தோம் இல்லையா? அந்த லாபத்தை எடுத்தவுடனே இங்கே 12 கி.மீ. நஷ்டம். இரண்டையும் ஒன்றாக அனுபவிக்க முடியாது.

"சூத்திரத்துல அகலமே வரலையே" என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. அது விமான டயர்களை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்த சூத்திரம். பிற்பாடு ஹார்னே தொடும் பரப்பின் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தார். அகலமாகவும் குட்டையாகவும் தொடும் டயர் அதிகத் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளவேண்டும், அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு. அதனால் அது சீக்கிரம் மிதக்கும்.

பின்னாடி மட்டும் அகலம் என்றால் இன்னொரு கோளாறு. முன்டயர் தண்ணீரை ஒதுக்கி ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. பின்டயர் அதே அகலமாக இருந்தால் அந்தப் பாதையில் நிம்மதியாக வரும். அதைவிட அகலமாக இருந்தால் அதன் ஓரங்கள் ஒதுக்கப்படாத தண்ணீரில் போகும். முன்சக்கரம் பிடித்திருக்க, பின்சக்கரம் மட்டும் மிதந்தால் கார் சுழலும். முன்பக்கம் வழுக்கினால் வேகம் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் சுழன்றால் பழகிய கைகளுக்கே கஷ்டம், அதுவும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் பக்கத்தில் 40 அடி கன்டெய்னர் போய்க்கொண்டிருக்கும்போது. உலர்ந்த ரோட்டில் அண்டர்ஸ்டியர் என்ற பாதுகாப்பைக் கொடுத்த அதே டயர், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது.

காகிதமும் பணமும்

சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே காரின் வேறு வேரியன்ட்டுக்கு நிறுவனமே 255 கொடுத்திருக்கிறதா என்று கையேட்டில் பார்ப்பது முதல் வேலை. இன்சூரன்ஸ்காரரிடம் முன்கூட்டியே கேட்பது இரண்டாவது. முன்னும் பின்னும் வேறு அளவானால் டயர்களை இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. பின்சக்கர இழுவைக் காரில் பின்டயர்தான் சீக்கிரம் தேயும், அதுதான் விலையும் அதிகம். ஸ்டெப்னி இரண்டு அச்சுக்கும் பொருந்தாது.

அழகு பற்றி

ஒரு வாதத்தை மட்டும் நான் மறுக்கவில்லை. பின்னாடி அகலமாக இருந்தால் கார் அழகாக இருக்கிறது. பாயத் தயாராக உட்கார்ந்திருக்கும் பூனை மாதிரி ஒரு தோரணை. அழகுக்காகப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நேர்மையான காரணம், விவாதம் முடிந்தது. அழகை வாங்கிவிட்டு அதற்குப் பிடிப்பு என்று பில் போடுவதைத்தான் விமர்சிக்கிறேன். இந்தக் காணொலிகளில் பெரும்பாலானவை அதைத்தான் செய்கின்றன. டயரின் மாடலைச் சொல்வதில்லை, ரிம் அகலத்தைச் சொல்வதில்லை, காற்றழுத்தத்தைச் சொல்வதில்லை, ஈரமான ரோட்டில் ஓட்டிக் காட்டுவதும் இல்லை. பழைய தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டுப் புதிய, நல்ல ரப்பர் உள்ள அகல டயரைப் போடுகிறார்கள். வித்தியாசம் தெரிகிறது. அந்த வித்தியாசத்தில் புதுசுக்கு எவ்வளவு, ரப்பருக்கு எவ்வளவு, அகலத்துக்கு எவ்வளவு? பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் அகலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மென்பொருளில் மூன்று மாற்றங்களை ஒன்றாகப் போட்டுவிட்டு, "இந்த ஒரு வரிதான் வேகத்தைக் கூட்டியது" என்று யாராவது சொன்னால் அலுவலகத்தில் விடுவோமா?

அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான்: இருக்கிற 225லேயே, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று பெயர் வாங்கிய நல்ல டயர் நான்கு வாங்கு, மாதம் இரண்டு முறை காற்று பார், அலைன்மென்ட் சரி பண்ணு. அகலம்தான் வேண்டுமென்றால் ரிம்மோடு சேர்த்து நான்கையும் மாற்று, அதுவும் நிறுவனம் அனுமதித்த அளவுக்குள். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. கணக்கு எழுதிய தாளை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

டிரெட் ரப்பரிலிருந்து ஆரம்பித்த ஊர் என்பதால், ரீட்ரெட் டயர்கள் பற்றியும் இதே போல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. அது அடுத்த குறிப்பில்.